பசுத்தோல் புலியும் புலித்தோல் பசுவும்

கேள்வி: ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் சாவு வீட்டில் நிற்கும் காட்சியில் 'ஹீ டிசிமுலேட்டட் ஹிஸ் க்ரீஃப்' என்று ஒரு வரி வருகிறது. 'துக்கப்படுவதுபோல் நடித்தான்' என்று எழுதினேன். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர், 'பொருள் தலைகீழாகிவிட்டது' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னிடமுள்ள அகராதியில் சிமுலேட், டிசிமுலேட் இரண்டுக்குமே 'பாசாங்கு செய், நடி' என்றுதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, நீதிமன்றக் காட்சியில் மருத்துவர் சாட்சி சொல்லும்போது இரண்டு சொற்களும் ஒரே மூச்சில் வருகின்றன. டிசெம்பிள், ஃபெயின், ப்ரிடெண்ட் எல்லாம் வேறு அங்கங்கே எட்டிப் பார்க்கின்றன. இவற்றை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மெய்ப்புப் பார்த்தவர் சொன்னது சரி. உங்கள் வரியில் அந்த அண்ணனுக்குத் துக்கமே இல்லை, சும்மா காட்டிக்கொள்கிறான். மூலத்தில் இருப்பவனுக்கோ துக்கம் நெஞ்சை அடைக்கிறது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறான். துப்பறியும் கதையில் இது சின்னப் பிழை இல்லை. உங்கள் தமிழை வாசிப்பவர் அந்த இடத்திலேயே 'கொலைகாரன் இவன்தான்' என்று முடிவுகட்டிவிடுவார்.

சிமுலேட் என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. டிசிமுலேட் என்றால் இருப்பதை இல்லாததுபோல் மறைப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்று. லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. அதிலிருந்து 'சிமுலாரே', ஒத்ததாக ஆக்குதல். முன்னால் 'டிஸ்' சேர்ந்ததும் சொல் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டிலும் வெளித்தோற்றம் பொய் என்பதால், அகராதி தொகுத்தவர்கள் 'பாசாங்கு' என்ற ஒரே பெட்டிக்குள் இரண்டையும் போட்டு மூடிவிடுகிறார்கள். அகராதி முழுத் தவறு என்று சொல்ல முடியாது. பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

பிரித்தறிய ஒரு வழி: வினையை விட்டுவிட்டு, அதன் செயப்படுபொருளைப் பாருங்கள். சிமுலேட் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் எப்போதும் பொய். டிசிமுலேட் என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல் எப்போதும் மெய். 'சிமுலேட்டட் ஆங்கர்' என்றால் கோபம் கிடையாது. 'டிசிமுலேட்டட் ஆங்கர்' என்றால் கோபம் உண்டு, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் தீரவில்லையா? அந்த இடத்தில் 'கன்சீல்' (மறை) என்ற சொல்லை வைத்து வாக்கியத்தை ஒருமுறை படியுங்கள். பொருள் மாறாமல் ஓடினால் அது டிசிமுலேட். 'ஃபேக்' என்ற சொல்தான் பொருந்துகிறது என்றால் சிமுலேட். உங்கள் சாவு வீட்டு வரியில் 'கன்சீல்டு ஹிஸ் க்ரீஃப்' என்று வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

தமிழ் இந்த வேறுபாட்டை அறியாத மொழி என்று எண்ணிவிட வேண்டாம். அன்றாடப் பேச்சிலேயே இரண்டுக்கும் தனித்தனி வழக்குகள் உண்டு. நீலிக்கண்ணீர் வடிப்பது சிமுலேட். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது டிசிமுலேட். இதைவிட அழகாக இன்னொரு சோடி இருக்கிறது. நாம் அடிக்கடி சொல்வது 'பசுத்தோல் போர்த்திய புலி'. திருக்குறளில், கூடாவொழுக்கம் அதிகாரத்தில், 273-ஆம் குறள் காட்டுவது இதற்கு நேர்மாறு: புலியின் தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேய்கிற பெற்றம், அதாவது பசு. மனத்தை அடக்கும் வலிமை இல்லாதவன் வலியவனின் கோலம் பூணுவதற்கு வள்ளுவர் சொல்லும் உவமை அது. பசுவிடம் இல்லாத வலிமை இருப்பதாகக் காட்டப்படுகிறது: சிமுலேட். பசுத்தோல் புலியிடம் இருக்கிற கொடுமை மறைக்கப்படுகிறது: டிசிமுலேட். அடுத்த குறளிலேயே, 274-இல், தவக்கோலத்தில் மறைந்துகொண்டு தீயவை செய்பவனைப் புதருக்குள் பதுங்கிப் பறவை பிடிக்கும் வேடனோடு ஒப்பிடுகிறார். முந்தைய குறள் காட்டுதல் என்றால் இது ஒளிதல். அடுத்தடுத்த இரண்டு குறள்களில் இரண்டு சொற்களும் வந்து நிற்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழும். பசுத்தோல் போர்த்திய புலி பசுவைப்போல் நடிக்கவும்தானே செய்கிறது? செய்கிறதுதான். வெறுமனே மறைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். மறைத்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சறுக்கும் இடமும் இதுதான். 'தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தான்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். செயல் ஒன்று. ஆங்கிலத்தில் அதை இரண்டு பக்கமிருந்தும் சொல்லலாம். அறியாமையைச் செயப்படுபொருளாக்கினால் 'ஃபெயின்டு இக்னரன்ஸ்' அல்லது 'சிமுலேட்டட் இக்னரன்ஸ்'. அறிவைச் செயப்படுபொருளாக்கினால் 'டிசிமுலேட்டட் ஹிஸ் நாலெட்ஜ்'. இந்த இரண்டையும் குழப்பி 'டிசிமுலேட்டட் இக்னரன்ஸ்' என்று எழுதினால், ஒன்றும் தெரியாதவன் தெரிந்தவன்போல் உட்கார்ந்திருந்தான் என்று ஆகிவிடும். சொல்ல வந்ததற்கு நேர் எதிர். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள் இதில் அடிக்கடி விழுகிறார்கள். 'நடித்தான்' என்ற வினை மனத்தில் ஓட, கம்பீரமாக ஒலிக்கிறதே என்று டிசிமுலேட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

காட்டுவதும் மறைப்பதும் ஒரே வேலைக்குள் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்குப் போர்க்களம் நல்ல பாடம். 1942 அக்டோபர் 23 இரவு எகிப்தின் எல் அலமைனில் பிரிட்டன் தரப்பு தாக்குதலைத் தொடங்கியது. அதற்கு முந்தைய வாரங்களில் 'ஆபரேஷன் பெர்ட்ராம்' என்ற பெயரில் ஒரு மாயவேலை நடந்தது. தாக்குதல் வரப்போவது வடக்கே. எதிரியைத் தெற்கே பார்க்கவைக்க வேண்டும். தெற்கில் போலி டாங்கிகளை நிறுத்தினார்கள். குடிநீர்க் குழாய் பதிப்பதுபோல் பள்ளம் வெட்டி, பழைய பெட்ரோல் தகரங்களால் செய்த போலிக் குழாயை ஓரத்தில் வைத்து, வேலை இன்னும் முடியவில்லை என்று வானிலிருந்து பார்ப்பவர் எண்ணும்படி செய்தார்கள். இல்லாத டாங்கி, இல்லாத குழாய்: இது சிமுலேட். வடக்கிலோ, நிஜ டாங்கிகள்மேல் மரச்சட்டமும் கித்தானும் கொண்ட கூடுகளைக் கவிழ்த்து லாரிகளாகத் தெரியவைத்தார்கள். வெறும் கூடுகளை முதலிலேயே கொண்டுபோய் வைத்து, 'அங்கே எப்போதும் லாரிகள் நிற்கும்' என்று எதிரியின் கண்ணைப் பழக்கிவிட்டு, பிறகு இரவோடிரவாக டாங்கிகளை அவற்றுக்கடியில் நுழைத்தார்கள். டாங்கிகள் முன்பு நின்ற இடத்தில் போலி டாங்கிகள். இந்தக் கூட்டை எந்தச் சொல்லால் சொல்வது? லாரியைப் பற்றிப் பேசினால் சிமுலேட், டாங்கியைப் பற்றிப் பேசினால் டிசிமுலேட். நோக்கம் டாங்கியை மறைப்பது என்பதால் போர்த்தந்திர நூலார் இதை டிசிமுலேஷன் கணக்கில்தான் எழுதுவார்கள். அவர்களுடைய வாய்பாடே, பொய்யைக் காட்டுவது சிமுலேஷன், மெய்யை மறைப்பது டிசிமுலேஷன் என்பதுதான்.

உங்கள் மருத்துவர் சாட்சிக்கு வருகிறேன். 'ஹீ இஸ் நாட் சிமுலேட்டிங். ஹீ இஸ் டிசிமுலேட்டிங்' என்பது போன்ற வாக்கியமாக இருக்க வேண்டும். 'அவர் பாசாங்கு செய்யவில்லை, நடிக்கிறார்' என்று மொழிபெயர்த்தால் நீதிபதியும் வாசகரும் சேர்ந்து விழிப்பார்கள். இதில் செயப்படுபொருள் வெளிப்படையாக இல்லை. நீங்கள்தான் வருவிக்க வேண்டும்: 'இல்லாத மனநோயை இருப்பதாக இவர் காட்டவில்லை. இருக்கும் நோயை மறைக்கிறார்.' கொஞ்சம் நீளம்தான். சாட்சிக் கூண்டில் நிற்கும் மருத்துவரின் வாயில் அந்த நீளம் பொருந்தும்.

இந்த வேறுபாடு மருத்துவர்களுக்கு வெறும் சொல் விளையாட்டு இல்லை. பைத்தியம்போல் நடிப்பவர் பொதுவாக மிகைப்படுத்துவார். சேர்ந்து வராத அறிகுறிகளையெல்லாம் ஒன்றாக அடுக்குவார், கேட்காததையும் சொல்வார், தம் நோயைக் கவனிக்கும்படி இழுத்து இழுத்துக் காட்டுவார். நோயை மறைப்பவர் சுருக்கமாகப் பேசுவார். காதில் குரல் கேட்கிறதா? இல்லை. தூக்கம்? நன்றாக வருகிறது. யார்மேலாவது சந்தேகம்? எதற்கு? தற்கொலை எண்ணத்தை மறைத்து 'வீட்டுக்குப் போகிறேன்' என்பவர் இந்த வகை. அதனால் ஆளுமைச் சோதனைகளிலேயே இரண்டுக்கும் தனித்தனிப் பொறி வைத்திருக்கிறார்கள். எம்.எம்.பி.ஐ. என்ற கேள்வித்தாளில் 'எஃப்' என்றொரு அளவுகோல் உண்டு. அதில் எண்ணிக்கை தாறுமாறாக ஏறினால், அரிதான அறிகுறிகளையெல்லாம் ஒருவர் தமக்கு இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மிகைப்படுத்தலாக இருக்கலாம், கடும் நோயாகவும் இருக்கலாம். 'எல்', 'கே' என்ற அளவுகோல்கள் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கின்றன: எல்லாருக்கும் இருக்கிற சின்னக் குறைகளைக்கூடத் தமக்கு இல்லவே இல்லை என்று சாதிப்பவர் அங்கே சிக்குவார். உளவியலாளர்கள் முதலாவதை 'ஃபேக்கிங் பேட்' என்றும் இரண்டாவதை 'ஃபேக்கிங் குட்' என்றும் பேச்சுவழக்கில் சொல்வார்கள். நாவலில் இந்தத் தொடர்கள் வந்தால் 'கெட்டதாக நடித்தல், நல்லதாக நடித்தல்' என்று போட்டுவிடாதீர்கள். 'நோயைக் கூட்டிச் சொல்வது', 'நோயைக் குறைத்துச் சொல்வது' என்றால் போதும்.

ஒரே சோதனையில் இரண்டு கள்ளத்தனமும் பிடிபடுவதற்கு நிறப்பார்வை அட்டைகளைச் சொல்லலாம். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டவை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்குமே, அந்த அட்டைகள்தாம். முதல் அட்டையில் 12 என்ற எண் இருக்கும். அது நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியும்படி அமைக்கப்பட்டது. வேலையிலிருந்து கழன்றுகொள்ள நிறக்குருடு என்று சொல்ல வந்தவர் அந்த அட்டையிலேயே 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை' என்பார். சந்தேகம் அங்கே தொடங்கும்: இல்லாத குறையைக் காட்டுகிறாரோ? உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. பார்வையே மங்கியவரும் கேள்வி புரியாதவரும்கூட அப்படிச் சொல்லலாம். மறுபக்கம், ரயில் ஓட்டுநர் வேலைபோல் நிறப்பார்வை கட்டாயமான பணிக்கு வருபவர், குறை இருந்தும் அட்டை வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார். சோதிப்பவர் வரிசையைக் கலைத்துவிட்டால் மனப்பாடம் உதவாது. தவிர, நிறக்குருடு உள்ளவருக்கு மட்டும் எண் தெரிந்து, இயல்பான பார்வை உள்ளவருக்குப் புள்ளிகளாகவே தெரியும் அட்டைகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. மறைக்க வந்தவர் அங்கே உற்சாகமாக எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்வார். முதலாமவர் செய்தது சிமுலேஷன், இரண்டாமவர் செய்தது டிசிமுலேஷன்.

மருத்துவக் காட்சி என்பதால் இன்னொரு எச்சரிக்கை. 'மாலிங்கரிங்' என்ற சொல் வந்தால், அது ஆதாயத்துக்காக நோயை நடிப்பது: விடுப்பு, இழப்பீடு, தண்டனையிலிருந்து தப்புதல். 'ஃபேக்டிஷியஸ் டிஸார்டர்' என்பதிலும் நோயை உண்டாக்கிக் காட்டுவதுண்டு. ஆனால் பணமோ விடுதலையோ நோக்கமில்லை, அதுவே ஒரு மனக்கோளாறு. 'ஃபங்ஷனல்' என்று வந்தால் அது நடிப்பே இல்லை. கை அசையவில்லை என்றால் அவருக்கு உண்மையாகவே அசையவில்லை, நரம்பில் புண்ணோ அடைப்போ இல்லை என்பதுதான் செய்தி. இந்த மூன்றையும் 'பாசாங்கு' என்று எழுதினால் மூன்றாமவருக்குப் பெரிய அநியாயம் செய்தவர்களாவோம்.

சட்டப் பக்கம் உங்கள் நாவலில் எவ்வளவு வருகிறதோ தெரியாது. ஆனால் இந்த இரண்டு சொற்களையும் தெளிவாக அடையாளம் காண அங்கே ஒரு நல்ல இடம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 17 'ஃப்ராட்', அதாவது மோசடி, என்பதை ஐந்து கூறுகளாக வரையறுக்கிறது. முதல் கூறு, உண்மையல்லாத ஒன்றை, உண்மையென்று தானே நம்பாமல், உண்மையென்று சொல்வது. இரண்டாவது, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது. பெயர் சொல்லாமலே சிமுலேட்டும் டிசிமுலேட்டும் அடுத்தடுத்து வந்துவிட்டன, பாருங்கள். வீட்டை விற்பவர் 'போன வருடம்தான் தளம் போட்டேன்' என்று புளுகினால் முதல் வகை. விரிசலில் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்துவிட்டு வாங்குபவரை அழைத்துவந்தால் இரண்டாவது வகை.

விரிசல் இருப்பது தெரிந்தும் ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல் இருந்தால்? வெறும் மௌனம் ஃப்ராட் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. இரண்டு விதிவிலக்குகளும் தருகிறது. அங்கே கொடுத்திருக்கும் குதிரைக் கதை நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. ஃப்ராட் இல்லை. வாங்குபவர் அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகள் என்றால், சொல்ல வேண்டிய கடமை தகப்பனுக்கு உண்டு, மௌனமே ஃப்ராட் ஆகிவிடும். வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று சொல்ல, விற்பவர் சும்மா இருந்தால் அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆக, மூன்று படிகள்: பேசாதிருத்தல், மறைத்தல், பொய் காட்டுதல்.

இந்த மூன்று படிகளை அதற்கு முன்பே ஒருவர் அடுக்கிக் காட்டியிருக்கிறார். ஆங்கிலச் சிந்தனையாளர் ஃபிரான்சிஸ் பேக்கன் 1625-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில், உங்கள் இரு சொற்களையுமே தலைப்பாக வைத்த கட்டுரை உண்டு. தன்னைத் திறந்துகாட்டாமல் வாய்மூடி இருப்பது முதல் படி. தான் இன்னார் அல்ல என்று பிறர் எண்ணும்படி குறிப்புக் காட்டுவது டிசிமுலேஷன். தான் அல்லாத ஒன்றாகத் துணிந்து காட்டிக்கொள்வது சிமுலேஷன் என்பது அவருடைய பகுப்பு. கடைசிப் படியைத்தான் அவர் மிகக் குற்றமுள்ளதாக எண்ணினார். வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று ஒதுக்கிவைத்தார். அவரும் அரசவையில் பிழைத்த மனிதர். மறைப்பதை முற்றாக விலக்கச் சொல்லவில்லை. 'டிசிமுலேட்' என்ற சொல்லில் பொய்யின் வாடை சற்றுக் குறைவு என்பதை மொழிபெயர்ப்பில் காப்பாற்ற வேண்டும். சாவு வீட்டில் துக்கத்தை அடக்குகிறவனை 'ஏமாற்றினான், வஞ்சித்தான்' என்று எழுதினால் பாத்திரமே கெட்டுப்போகும். 'துக்கத்தை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை' என்பது அவனுக்குப் போதும்.

பழைய ஆங்கிலத்தில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் ரோமர் 12:9, அன்பு 'டிசிமுலேஷன்' இல்லாமல் இருக்கட்டும் என்கிறது. அங்கே மறைப்பது எதுவுமில்லை. இல்லாத அன்பை இருப்பதாகக் காட்டாதே என்பதுதான் கருத்து. நாம் மேலே வகுத்த விதிப்படி அது சிமுலேஷனாக இருந்திருக்க வேண்டும். நம் விவிலியம் 'உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக' என்கிறது. 'மாயம்' காட்டுவதையும் மறைப்பதையும் சேர்த்தே பிடிக்கும் சொல். கலாத்தியர் 2:13-இல் ஆங்கிலம் 'டிசெம்பிள்டு', 'டிசிமுலேஷன்' என்று இரண்டு சொற்களைப் பயன்படுத்தும் இடத்தில், தமிழ் 'மாயம்பண்ணினார்கள்', 'மாயத்தினாலே' என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறது. உங்கள் நாவலில் வயதான பாதிரியார் ஒருவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், 'மாயம்', 'மாய்மாலம்' என்று எழுதினால் அவர் குரல் அப்படியே வந்துவிடும். இக்கால ஆங்கிலத்தில் பேசும் காவல் ஆய்வாளருக்கு அது பொருந்தாது.

டிசெம்பிள் என்பது டிசிமுலேட்டின் பங்காளி. ஒரே லத்தீன் வேர், 'ரிசெம்பிள்' போன்ற சொற்களின் சாயல் ஏறி உருமாறியது. மனத்தில் இருப்பதை மறைப்பதுதான் அதற்கும் அடிப்படைப் பொருள். ஆனால் பயன்பாட்டில் எல்லை தளர்ந்து, பொய்த்தோற்றம் காட்டுவதற்கும் வருகிறது. பெரும்பாலும் செயப்படுபொருள் இல்லாமலே நிற்கும்: 'ஹீ டிசெம்பிள்டு.' 'பூசி மெழுகினான்', 'மழுப்பினான்', 'உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசினான்' என்று இடம்பார்த்து எழுதலாம். இயந்திரத்தைக் கழற்றுவதற்குச் சொல்லும் 'டிஸ்அசெம்பிள்' வேறு. வேகமாகப் படிக்கும்போது ஒன்று மற்றதாகத் தெரியும். அதேபோல டிசிமுலேட் என்பதை 'டிசிமிலேட்' என்று படித்துவிட வேண்டாம்; அது ஒலியியலில் ஒத்த ஒலிகள் வேறுபட்டுப்போவதைக் குறிக்கும் சொல்.

ஃபெயின், ப்ரிடெண்ட் இரண்டும் சிமுலேட் பக்கம். ஃபெயினுக்குப் பின்னால் பெரும்பாலும் பெயர்ச்சொல் வரும்: தூக்கம், நோய், வியப்பு, அறியாமை. அதில் ஏமாற்றும் நோக்கம் இருக்கும். ப்ரிடெண்டுக்குப் பின்னால் பெரும்பாலும் வினையோ முழு வாக்கியமோ வரும். ஏமாற்று இருந்தாக வேண்டும் என்றில்லை. குழந்தைகள் மணல்சோறு சமைத்து விளையாடுவதும் ப்ரிடெண்ட்தான். அதற்குப் 'பாசாங்கு' என்று போட்டால் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம். 'சும்மா விளையாட்டுக்கு' என்பதே போதும். கால்பந்து விதிப்புத்தகத்தில் இந்தப் பக்கத்துச் சொற்கள் மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன: காயத்தை ஃபெயின் செய்தும், தன்மேல் ஃபவுல் நடந்ததாக ப்ரிடெண்ட் செய்தும் நடுவரை ஏமாற்ற முயல்வது சிமுலேஷன், தண்டனை மஞ்சள் அட்டை. தலையில் அடிபட்ட ஆட்டக்காரர் மயக்கத்தை மறைத்துக்கொண்டு 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று ஆடத் தொடங்குவது இதன் மறுபக்கம், டிசிமுலேட். அதற்கு அட்டை கிடையாது. ஆனால் கீழே விழுந்து புரள்பவரைவிட ஆபத்தில் இருப்பவர் அவர்தான்.

பழைய ஐரோப்பிய வரலாறு பேசும் பகுதியில் 'ப்ரிடெண்டர்' என்று வந்தால் நடிகரும் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. அரியணைக்கு உரிமை கோருபவர். அந்தச் சொல்லின் பழைய பொருள் 'உரிமை கொண்டாடுதல்'. சிமுலேட்டர், கணினி சிமுலேஷன் ஆகியவற்றிலும் வஞ்சகம் ஏதுமில்லை. விமானி பயிலும் பெட்டியை 'பாசாங்குக் கருவி' என்று யாரும் எழுதப்போவதில்லை என்று நம்புகிறேன். பாவனை, உருவகப்படுத்துதல், ஒப்புருவாக்கம் என்று துறைக்குத் துறை வழங்குகிறார்கள். நாவலில் 'சிமுலேட்டர்' என்றே விட்டுவிடலாம்.

வேறுபாடு மனத்தில் தங்க வேண்டுமென்றால் திருக்குறளில் புலவி நுணுக்கம் அதிகாரத்துக்குப் போங்கள். 1312-ஆம் குறளில் ஊடியிருக்கும் காதலி பேசவில்லை. 'நீடு வாழ்க' என்று அவள் வாழ்த்தியே ஆக வேண்டும் என்பதற்காகக் காதலன் தும்முகிறான். வராத தும்மல். 1318-இல் நிஜமாகவே தும்மல் வருகிறது, அவன் அடக்கிக்கொள்கிறான். உங்களவர் யாரோ உங்களை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா என்று அவள் அழுகிறாள். இரண்டுமே தும்மல்தான். முன்னது சிமுலேட், பின்னது டிசிமுலேட். இரண்டிலும் அவன் மாட்டிக்கொள்கிறான் என்பது வேறு விஷயம்.

உங்கள் வரிக்கு என் பரிந்துரை: 'துக்கத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நின்றான்.' மூலத்தில் ஆசிரியர் அவன்மேல் சந்தேகத்தின் நிழல் விழட்டும் என்று நினைத்திருந்தால், 'துக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றான்' என்று எழுதுங்கள். 'மறைத்து' என்ற சொல்லே அந்த நெருடலைக் கொண்டுவரும். கையெழுத்துப் பிரதி கணினியில்தான் இருக்கும். 'நடித்த', 'பாசாங்கு', 'போல இருந்த', 'காட்டிக்கொண்ட' என்ற நான்கையும் தேடுபெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு, சிக்கும் ஒவ்வோர் இடத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். தும்மல் வந்ததா வரவில்லையா என்று கேட்டுக்கொண்டே போனால் அரைநாள் வேலை.